கரும்பு கட்டிய மேசை

பிப்ரவரி 2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று படித்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உடனே பதில் போட்டிருப்பேன். கடிதம் வந்த நேரம் இங்கே சீனப் புத்தாண்டுப் பெருநாள் வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஜனவரி 29இல் பெருநாள். பதினைந்தாம் நாளான சாப் கோ மே இந்தப் புதன்கிழமைதான் முடிந்தது. அதற்கு முதல் நாள் தைப்பூசம். இரண்டும் முழுநிலவை ஒட்டி அடுத்தடுத்து வந்ததால் பினாங்கு உறங்கவே இல்லை. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் சீனர்களும் கூடை கூடையாகத் தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் மாலை பழைய கடற்கரைத் திடலில் பெண்கள் கடலுக்குள் ஆரஞ்சுப் பழம் எறிந்தார்கள். நல்ல கணவன் வேண்டி எறிவது அது. நாம் இருவரும் ஒரு முறை எறிந்திருக்கிறோம், நினைவிருக்கிறதா?

அம்மா போன பிறகு வந்த பெருநாளை நாங்கள் கொண்டாடவில்லை. துக்க வீட்டில் சிவப்புத் தாள் ஒட்டக் கூடாது, வாழ்த்துச் சொல்ல யார் வீட்டுப் படியும் ஏறக் கூடாது. ஆகவே அம்மா இல்லாமல் நாங்கள் எடுத்த முதல் பெருநாள் இதுதான். தம்பி மெல்பர்னிலிருந்து டிசம்பரிலேயே தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, குடும்ப விருந்தை ஜார்ஜ் டவுனில் ஒரு உணவகத்தில் வைத்துக்கொள்ளலாம். தி கோங் பூசையை அம்மாவோடு நிறுத்திக்கொள்ளலாம். உனக்கும் வயதாகிறது" என்றான். அக்கறையோடுதான் சொன்னான். விருந்துக்கு ஒப்புக்கொண்டேன். பூசையை விட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தென்சீனத்து ஃபூஜியனிலிருந்து வந்த எங்கள் ஹொக்கியன் மக்களின் வீடுகளில் முதல் நாளைவிட ஒன்பதாம் நாள்தான் பெரிது. வானத்து அரசரான தி கோங் பிறந்த நாள் அது. எட்டாம் நாள் நள்ளிரவில் பூசை தொடங்கும். முன்னொரு காலத்தில் எதிரிகள் ஊரைச் சூறையாட வந்தபோது எங்கள் மக்கள் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள், வெளியே வந்த நாள் இந்த ஒன்பதாம் நாள் என்று பாட்டி சொல்வார். அதனால்தான் மேசையின் இரு பக்கமும் தோகையோடும் வேரோடும் முழுக் கரும்பு கட்டுவோம்.

அந்தக் கரும்பு எங்கிருந்து வந்தது என்பதை என் தம்பிகளுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டியிருந்தது. நாம் வளர்ந்த தோட்டத்தில் கண்ணுக்கு எட்டிய வரை ரப்பர் மரம். உங்கள் லயத்து வீட்டின் பின்னால் உன் அம்மா வைத்திருந்த கரும்புதான் எங்கள் மேசைக்கு வந்தது. பொங்கலுக்கு இரண்டை வெட்டிவிட்டு, "இது கடைக்காரம்மாவுக்கு" என்று இரண்டை விட்டுவைப்பார். என் அம்மா பதிலுக்கு ஆரஞ்சுப் பழங்களை இரட்டை இரட்டையாக எண்ணிக் கொடுப்பார், கூடவே மூடி திறக்காத ஒரு பெட்டி ஆரஞ்சு பானம். பன்றிக்கொழுப்பு புழங்கும் எங்கள் அடுப்பில் சமைத்ததை உன் பாட்டி தொட மாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரியும். அதைப் பற்றி இரு வீட்டிலும் ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை. கருணைத் தெய்வமான குவான் இன் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு மாட்டிறைச்சியை விட்டவர் என்பதால் உன் பாட்டிக்கு என் அம்மாவைப் பிடித்துப்போயிற்று என்றும் நினைக்கிறேன்.

தாத்தா 1929இல் சீனாவிலிருந்து மலாயாவுக்குத் தனியாக வந்தவர். பாட்டி 1937இல்தான் வந்து சேர்ந்தார். 1933இல் இங்கே வந்த அந்நியர் சட்டம் சீனாவிலிருந்து வரும் ஆண்களுக்குத்தான் வரம்பு கட்டியது; 1938 வரை பெண்களுக்கு அந்தத் தடை இல்லை. அந்த இடைவெளியில் கப்பல் ஏறியவர்களில் பாட்டியும் ஒருவர். பிறகு போர், அதன் பிறகு அங்கே ஆட்சி மாற்றம். தன் தாயை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. பெருநாள் வந்தால் பாட்டி சிரித்து நான் பார்த்ததில்லை. காலையிலிருந்து வேலை, வேலை, வேலை. சிறுவயதில் அதைக் கோபம் என்று எண்ணிப் பயந்திருக்கிறேன்.

பெருநாளுக்கு முன் தாத்தா ஊருக்குப் பணமும் அதோடு ஒரு கடிதமும் அனுப்புவார். பணம் கிடைத்தது என்று அங்கிருந்து ஒரு சின்னத் தாளில் பதில் வரும். அந்தத் தாள்கள் ஒரு பிஸ்கட் டின்னில் இன்னும் இருக்கின்றன. இப்படிப்பட்ட கடிதங்களை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதைக் கேள்விப்பட்டபோது மகிழ்ச்சிதான், ஆனால் டின்னைத் திறந்தால் எனக்கு ஓர் எழுத்தும் புரியாது. சீனப் பள்ளி தொலைவு, தமிழ்ப் பள்ளி கடைக்கு எதிரே. அப்பா என்னை அங்கே சேர்த்ததில் எனக்கு வருத்தமே இல்லை. இன்றும் பெருக்கல் வாய்ப்பாடு எனக்குத் தமிழில்தான் வரும். அதற்காகப் பெருநாள்தோறும் சித்தப்பா பிள்ளைகள் என்னைக் கேலி செய்து அழவைத்ததும் உண்டு. போன மாதம் அவர்களில் ஒருத்திதான் வந்து அந்தத் தாள்களை எனக்குப் படித்துக் காட்டினாள். பணத்தை யார் யாருக்குப் பிரித்தார்கள், பெருநாளுக்கு எவ்வளவு அரிசி வாங்கினார்கள், இவ்வளவுதான் எல்லாத் தாளிலும். நான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தம்பியிடம் நான் சொன்னதை உன்னிடமும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் முதல் ஊதுபத்தி எப்போதும் ஆண்கள் கையில். தாத்தா, பிறகு அப்பா, பிறகு தம்பி. அம்மா பின்னால் நிற்பார். ஆனால் எந்த மாதம் எந்த நாள் என்ன படைக்க வேண்டும் என்பது அம்மாவின் தலைக்குள் மட்டுமே இருந்தது. அடுப்புச் சாமியை வானத்துக்கு வழியனுப்பும் நாள், டிசம்பரில் மாவுருண்டை உருட்டும் நாள், ஏழாம் மாதம் பசித்த ஆவிகளுக்குச் சோறு வைக்கும் நாள், எதையும் அவர் எழுதிவைத்ததில்லை. கடையையும் கவனித்துக்கொண்டு, பூசையில் எரிக்கும் தங்கத்தாளை இரவெல்லாம் மடித்து இதைக் காப்பாற்றியவர் அவர். பத்தி பிடித்தவர்கள் விரும்பினால் நிறுத்திவிடலாம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

பிப்ரவரி 5 இரவு பூசை வைத்தேன். மேசையை இரண்டு முக்காலிமேல் ஏற்றிச் சிவப்புத் துணி கட்டினோம். ஆமை வடிவச் சிவப்புப் பலகாரம், அன்னாசி, வறுத்த பன்றி எல்லாம் சந்தையில் வாங்கியவை. அம்மா செய்வதுபோல் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்ய என் முழங்கால் இடம் கொடுக்காது, அது தேவையும் இல்லை என்பது என் எண்ணம். தங்கத்தாளை மட்டும் நானே மடித்தேன். நள்ளிரவில் தம்பி பத்திக்கட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "நீயே முதலில் ஏற்று அக்கா" என்றான். ஏற்றினேன். தெரு முழுக்கப் பட்டாசு. கடைசியில் தாளோடு கரும்பையும் நெருப்பில் போட்டபோது, ஆங்கிலம் மட்டுமே பேசும் தம்பி மகள் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். விடியும் வரை அவளுக்குக் கதை சொன்னேன். உன் அம்மாவின் கரும்புக் கதையும் அதில் உண்டு.

ஏப்ரல் 4 எங்கள் சேங் பேங், கல்லறை சுத்தம் செய்யும் நாள். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். முதல் நாளே பஸ் ஏறி வந்துவிடு, காலை ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவோம், வெயில் ஏறினால் அந்த மேட்டில் நிற்க முடியாது. கல்யாண அழைப்பிதழைத் தபாலில் அனுப்ப வேண்டாம், வரும்போது கையிலேயே கொண்டுவா. கல்யாணத்துக்கு நான் மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுவேன். முறுக்குப் பிழிய என்னை விட்டுவிடு, உன் சம்பந்தி வீட்டார் வியந்து பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் கடைக்காரத் தோழி