வரைபடம் முடிந்த பிறகு எதற்குக் கூட்டம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

பல்கலைக்கழகங்கள் விரிவாக்கத்துக்குத் திட்டம் போடும்போது சுற்றுவட்டார மக்களிடமும் கருத்துக் கேட்கிறோம் என்கிறார்கள். சரி, எப்போது கேட்கிறார்கள்? எந்த இடம், எத்தனை மாடி, வாசல் எந்தப் பக்கம் என்று எல்லாம் முடிவான பிறகு ஒரு கூட்டம் போட்டு, படத்தைக் காட்டி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதற்குப் பெயர் கருத்துக் கேட்பா?

நியூயார்க்கில் 1968-ல் நடந்ததைப் பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகம் மார்னிங்சைட் பூங்காவில், அதாவது பொது நிலத்தில், உடற்பயிற்சிக்கூடம் கட்ட ஆரம்பித்தது. மேட்டில் பல்கலைக்கழகம், சரிவுக்குக் கீழே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம். மாணவர்களுக்கு மேலே ஒரு வாசல், ஹார்லெம் மக்களுக்குக் கீழே தனி வாசல், உள்ளேயும் அவர்களுக்குச் சிறு பகுதிதான். கீழே குடியிருப்பவர்களோடு உட்கார்ந்து வரைந்திருந்தால் இப்படி ஒரு வாசல் வந்திருக்குமா? வியட்நாம் போருக்கு எதிரான கோபமும் சேர்ந்துகொள்ள, மாணவர்கள் ஏப்ரலில் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். கூடம் அங்கே வரவே இல்லை.

அதே பல்கலைக்கழகம் பிற்பாடு மன்ஹாட்டன்வில் பகுதியில் விரிவடைந்தபோது மக்களுக்கான நலத்திட்டங்களுக்கு 15 கோடி டாலர் தருவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது 2007 டிசம்பரில், ஒப்பந்தம் கையெழுத்தானது 2009 மே மாதம். இந்த வரிசைதான் எனக்கு உறுத்துகிறது.

நல்ல எண்ணத்தோடு செய்தாலும் சிக்கல் வரும். பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் துணையோடு 2001-ல் ஒரு அரசுப் பள்ளி திறந்தார்கள். அருமையான பள்ளி. அதன் எல்லைக்குள் வீடு இருந்தால் பிள்ளைக்கு இடம் கிடைக்கலாம் என்று ஆனதும் வீட்டு விலை எகிறியது. அப்புறம் வாடகைக்கு இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? வகுப்பறையைப் பற்றிப் பேசும்போதே வாடகையைப் பற்றியும் பேசியாக வேண்டும், அதைப் பேச வாடகைக்காரர்களே அந்த மேசையில் இருக்க வேண்டும்.

ஆகவே முதல் கோடு போடும் முன்பே கூப்பிடுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டம் வையுங்கள். வரைபடத்தைப் படித்துச் சொல்ல மக்களே தேர்ந்தெடுக்கும் ஒரு கட்டட வல்லுநருக்கான சம்பளத்தைப் பல்கலைக்கழகம் கொடுக்கட்டும். யார் என்ன சொன்னார்கள், எதை ஏற்றார்கள், எதை ஏன் மறுத்தார்கள் என்பதை அடுத்த கூட்டத்துக்கு முன்பே எழுத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்