டீச்சருக்குப் பரிசும் என் கடைக் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கொழிஞ்சாம்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருபத்தாறு வருடமாக ஃபேன்சி கடை வைத்திருக்கிறேன். பேனா, நோட்டு, பொம்மை, கொஞ்சம் பாத்திரம், கொஞ்சம் பித்தளை. ஊர் கேரளத்தில் இருந்தாலும் என் கடையில் தமிழ்தான் அதிகம் காதில் விழும். டீச்சர்களுக்குப் பெற்றோர் கொடுக்கும் பரிசைப் பற்றி எழுதுகிறேன். அந்தப் பரிசுகளில் பலதும் என் கடையில் வாங்கியவைதான். விற்றுவிட்டு இப்போது யோக்கியம் பேசுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

2025 மார்ச் கடைசியில் மூன்று தாய்மார்கள் வந்தார்கள். நாலாம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்கு யு.பி. பள்ளிக்குப் போகிறார்கள், கிளாஸ் டீச்சருக்கு யாத்ரயயப்பு, அதாவது பிரிவு உபசாரம். கையில் 9,500 ரூபாய். முப்பத்தெட்டுப் பிள்ளைகள், தலைக்கு 250. ஒரு மணி நேரம் நின்று பார்த்தார்கள். சுவர்க் கடிகாரத்தை எடுத்து, "இது போன வருசம் பி டிவிஷன்காரங்க கொடுத்தது" என்று திரும்ப வைத்துவிட்டார்கள். டின்னர் செட்டைப் பிரித்துத் தட்டுகளை எண்ணினார்கள். கடைசியில் டின்னர் செட்டும் ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் முடிவாயிற்று. ஜிகினாத் தாளில் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுத்தேன். எனக்கு 1,400 ரூபாய் லாபம் நின்றது.

அதற்கு இரண்டு நாள் முன்னால், அதே வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் அம்மா என்னிடம் 250 ரூபாய் கைமாற்று கேட்டு வந்திருந்தார். புருசன் கள் இறக்குகிறவர், முதுகு பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் மரம் ஏறவில்லை. இவர் தொழிலுறப்பு வேலைக்கு, அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிறார். அப்போது கூலி நாளுக்கு 346 ரூபாய். அதுவும் வேலை செய்த கையோடு கணக்கில் ஏறிவிடாது. "அவ்வளவு கட்டாயமா? டீச்சர் கேட்டாங்களா?" என்றேன். பதில் சொல்லாமல் போனை நீட்டினார்.

வகுப்பு வாட்ஸ்அப் குழு. பிள்ளைகளின் பெயர் வரிசையாக ஒன்று முதல் முப்பத்தெட்டு வரை. பணம் கொடுத்தவர்களுக்கு நேரே பச்சை டிக். முப்பத்தைந்து டிக் விழுந்திருந்தது. மூன்று பெயர் மட்டும் மொட்டையாக நின்றது, அதில் ஒன்று இவர் பையன். கீழே, "பாக்கி உள்ளவங்க இன்னைக்குள்ள கொடுத்துருங்க" என்று ஒரு செய்தி, அதன் பக்கத்தில் இரண்டு கும்பிடு. மொய் நோட்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் மொய் என்றால் நாளைக்கு நம் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பி வரும். இது எங்கிருந்து திரும்பி வரப்போகிறது?

டீச்சர் கேட்டாரா என்றால், கேட்கவில்லை. நல்ல டீச்சர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கும் அவர் மேல் வருத்தம் பெரிதாக இல்லை. ஆனால் அந்தக் குழுவில் அவரும் இருக்கிறார். ஒரு நாளைக்கு நாற்பது செய்தி போடுகிறவர் அந்தப் பட்டியலை மட்டும் பார்க்காமலா இருந்திருப்பார்? "இதெல்லாம் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எழுதவில்லை. அந்த அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை இரண்டாம் வகுப்பில் இருக்கிறது. அதே பள்ளி. 250 ரூபாயை ஏன் எப்படியும் புரட்டினார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சம்பளம் போதாமல் வாங்குகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். 2021ல் வந்த சம்பளத் திருத்தத்தில் கேரளத்து எல்.பி. (நாலாம் வகுப்பு வரை) டீச்சருக்கு அடிப்படைச் சம்பளமே 35,600 ரூபாயில் தொடங்குகிறது. அகவிலைப்படி தனி. அரசு உதவி பெறும் எய்டட் பள்ளியானாலும் சம்பளம் சர்க்கார்தான் கொடுக்கிறது. கொடுக்கட்டும், முப்பத்தெட்டுப் பிள்ளைகளை மேய்ப்பது லேசான வேலையா? ஆனால் போதவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

போதாத சம்பளம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மகளைக் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கணக்கில் பி.எஸ்சி., பி.எட். 2022ல் தமிழக அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுத்தபோது சேர்ந்தாள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய், இடைநிலை ஆசிரியருக்கு 7,500. அப்புறம் பட்டதாரிகளுக்கு 15,000 ஆக்கினார்கள். அடுத்த வகுப்பில் அதே கணக்குப் பாடம் நடத்தும் நிரந்தர ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் 36,400ல் ஆரம்பம். ஒரே மணி, ஒரே புத்தகம், நடுவில் ஒரு சுவர்.

ஆரம்பத்தில் அவளுக்கு இரண்டு மாதச் சம்பளம் சேர்ந்து மூன்றாவது மாதம் வந்தது. அதுவரை பஸ்ஸுக்கும் சார்ட் பேப்பருக்கும் நான்தான் அனுப்பினேன். சார்ட், ஸ்கெட்ச் எல்லாம் கடையிலிருந்தே போகும், அது வேறு கணக்கு. அந்த வருடத் தீபாவளிக்கு ஒரு மாணவனின் அப்பா, மண்டிக்காரர், ஸ்வீட் பாக்ஸோடு ஒரு கவரும் கொடுத்திருக்கிறார். உள்ளே 2,000 ரூபாய். ஸ்வீட்டை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டுக் கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ராத்திரி போனில், "அப்பா, கொடுத்துட்டேன். ஆனா ரெண்டு பீரியட் பைக்குள்ளயே வெச்சிருந்தேன்" என்றாள். அந்த இரண்டு பீரியடை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்னவோ செய்கிறது. அவளைக் குறை சொல்ல முடியவில்லை. நானாக இருந்தால் மூன்றாவது பீரியடும் வைத்திருப்பேன்.

அவளுக்கு வந்த பரிசுகளையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் தினத்தன்று பதினோரு பேனா, அதில் நாலு எழுதாது. வீட்டில் காய்த்த முருங்கைக்காய் ஒரு கட்டு, வாழைநாரால் கட்டியது. அதைக் கொண்டுவந்த பெண் குழந்தை, "அம்மா சாம்பாருக்கு நல்லாருக்கும்னு சொல்லச் சொன்னாங்க மிஸ்" என்றதாம். இதையும் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதற்குப் பட்டியல் கிடையாது, டிக் கிடையாது.

என் தாத்தா திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடுமுறை, அதற்கு வாவு என்று பெயர். இங்கே மலையாளத்தில் ஆடி அமாவாசையை இன்றைக்கும் கர்க்கடக வாவு என்கிறார்கள் இல்லையா, அதே சொல். நவராத்திரியில் பிள்ளைகள் கோலாட்டக் குச்சியோடு வீடு வீடாகப் போய்ப் பாட்டுப் பாடுவார்கள், கிடைக்கிற காசு வாத்தியாருக்கு. வாத்தியாருக்கு வேறு வருமானம் பெரிதாக இல்லை, அதனால் அதுதான் கூலி. கேரளத்திலும் ஒரு காலத்தில் தனியார் பள்ளி ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுவது ஒரு தொகைக்கு, மேனேஜர் கையில் கொடுப்பது வேறு தொகை என்று இருந்தது. முண்டசேரி கல்வி மந்திரியாக இருந்தபோது கொண்டுவந்த 1958 கல்விச் சட்டத்துக்குப் பிறகு அரசே நேரடியாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. கூலி வந்தாயிற்று, கோலாட்டம் மட்டும் நிற்கவில்லை. இப்போது அதை வாட்ஸ்அப்பில் ஆடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு. இங்கே சில பள்ளிகளில் பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) தொடங்கிய ப்ரீ பிரைமரி வகுப்புகளில் டீச்சர், ஆயா சம்பளமே பெற்றோரிடம் வசூலித்துத்தான் கொடுக்கிறார்கள். அங்கே பெற்றோர் காசு நின்றால் டீச்சர் வீட்டில் அரிசி நிற்கும். அதை யாரும் பரிசு என்று சொல்வதில்லை, ஜிகினாத் தாளும் சுற்றுவதில்லை. அதற்குத்தான் அரசு பணம் ஒதுக்க வேண்டும். என் மகளைப் போன்றவர்களுக்கு மாதா மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் ஏற வேண்டும்.

அரசு ஊழியர் பரிசு வாங்குவதற்குக் கட்டுப்பாடு வைத்து கேரளத்தில் 1960லும் தமிழகத்தில் 1973லும் நடத்தை விதிகள் போட்டிருக்கிறார்கள். புது விதி ஒன்றும் வேண்டியதில்லை. கல்வி அதிகாரிகள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். வகுப்புக் குழுவில் பணம் வசூலிக்கக் கூடாது, யார் கொடுத்தார் யார் கொடுக்கவில்லை என்று பெயர் போடவே கூடாது, குழுவில் இருக்கும் ஆசிரியர் அதைக் கண்டால் தடுக்க வேண்டும். அந்தச் சுற்றறிக்கை தமிழிலும் வர வேண்டும். தமிழ் டிவிஷன் பெற்றோருக்கும் நோட்டீஸ் மலையாளத்தில் வருகிறது, வாசித்துச் சொல்லச் சொல்லி என் கடைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இத்தனை தமிழர் இருந்து என்ன பிரயோசனம் என்று தோன்றும். சரி, அது தனிக் கடிதம்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. இந்த வருடம், 2025ல், ஆசிரியர் தினமும் திருவோணமும் ஒரே நாளில், செப்டம்பர் 5ல் வருகின்றன. அன்றைக்குப் பள்ளி கிடையாது. அதனால் லீவு விடுவதற்கு முன்னால் நடக்கும் ஓணக் கொண்டாட்டத்திலேயே இரண்டுக்கும் சேர்த்து வசூல் நடக்கும். போன வாரமே ஒரு தாய் வந்து, ஓணத்துக்குப் பெண்கள் உடுத்தும் செட்டு முண்டு வைத்திருக்கிறீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆகஸ்ட் முதல் வாரம் நான் சரக்கு எடுக்கக் கோயம்புத்தூர் போக வேண்டும். அதற்குள் சுற்றறிக்கை வந்தால் பித்தளையும் டின்னர் செட்டும் குறைத்து எடுத்துக்கொள்கிறேன்.

பெயர் போட வேண்டாம், ஊர் போட்டால் போதும்.

ஒரு கடைக்காரர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.
ஜூலை 2025