மன்னார்க் கிணறுகளைப் புரட்டாசியில் அளவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்த் தீவின் கனிய மணல் அகழ்வு பற்றிக் கொழும்பில் நடந்த ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். சில மீற்றர் ஆழம்தான் தோண்டுவார்களாம். இல்மனைட் என்னும் கனியத்தைப் பிரித்தெடுத்ததும் மணலைத் திரும்பப் போட்டு மூடிவிடுவார்களாம். நிலத்தடி நீருக்கு ஒன்றும் ஆகாதாம். கழுத்துப்பட்டி அணிந்த கனவான் ஒருவர் சொன்னார். எங்கள் வீட்டுக் கிணறே பன்னிரண்டு அடிதான் ஐயா என்று சொல்ல எழுந்தேன். தேநீர் வேளை வந்துவிட்டது.

பேசாலைப் பக்கம் பிறந்தவன் நான். வெள்ளவத்தைக்கு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. சிறு வயதில் கிணற்றுக்குள் வாளியைத் தொம்மென்று விட்டால் அம்மம்மாவிடம் ஏச்சு விழும். மேல் தண்ணீரைத்தான் அள்ள வேண்டும், அடியைக் கலக்கினால் சவர் ஏறிவிடும் என்பார். ஆவணி பிறந்தால் அந்தத் தண்ணீரில் சவர்க்காரமும் நுரைக்காது. பின்னாளில் தம்பி மோட்டார் பூட்டினான். ஒரே வாரத்தில் தேநீர் கரித்தது.

அம்மம்மா சொன்னதில் கணக்கு இருக்கிறது. மாரி மழை மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. வடகடலில் உள்ள ஜேர்மன் மணல் தீவொன்றில் இதைக் கண்ட ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901இல் எழுதிவைத்தார்: நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓரடி போய்விட்டால், அடியிலிருந்து சவர் மெல்ல மெல்ல அவ்வளவு தூரம் ஏறப் பார்க்கும். எங்கள் தீவு கடலைவிடச் சில அடிகள்தான் உயரம். அந்தக் கனவான் தோண்டப் போகும் சில மீற்றருக்குள்தான் நாங்கள் குடிக்கும் தண்ணீர் நிற்கிறது.

திரும்பப் போடும் மணலும் பழைய மணல் அல்ல. காலங்காலமாகப் படை படையாகப் படிந்தது கலைந்துவிடும். இல்மனைட்டுக்காக மணலைக் கழுவும்போது பிரிகிற நுண்ணிய சேறு ஓரிடத்தில் படிந்து இறுகினால், அடுத்த மாரியின் மழை அங்கே இறங்கத் திணறும். கழுவுவதற்கான தண்ணீர் எங்கிருந்து வரும் என்று அன்று எவரும் கேட்கவில்லை. நானும்தான்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வந்தால் கருத்துச் சொல்லப் பொதுமக்களுக்கு அவகாசம் உண்டு. அதில் நான் முதலில் தேடப்போவது கிணறுகளை அளந்த மாதத்தை. தையில் போய் அளந்தால் எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். புரட்டாசியில், மழைக்கு முன்னர், நீர்மட்டத்தோடு உப்பையும் சேர்த்து அளக்க வேண்டும். ஒரு வருடம் அல்ல, சில வருடங்கள். ஊர்ச் சனங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளக்கட்டும்.

எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்தே தொடங்கலாம். வாளியை மட்டும் மெதுவாக விடச் சொல்லுங்கள்.

பேசாலையான்,
வெள்ளவத்தை, கொழும்பு 06