மரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய வரைபடத்தை நேற்று ராத்திரி பதினோரு மணி வரை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். விஸ்கான்சினின் ஷுவாமெகன்-நிக்கொலே காடு 15 லட்சம் ஏக்கர். அதில் மான் வேட்டைக்கு எந்த மரத்தில் பரண் கட்டுவது என்று கேட்கிறாய். மரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் காற்று, அப்புறம் நீ நடந்து போகிற வழி.

பென்சில்வேனியாவில் என் முதல் சீசன் கதையை உனக்குச் சொன்னதில்லை. புது இடம். ஓடைக்கரையெல்லாம் குளம்புத் தடம், சந்தை கலைந்த மாதிரி. துள்ளிக் குதித்து அங்கேயே பரணை மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெண்மான் 30 கெஜத்தில் வந்து நின்றது. முன்னங்காலால் தரையைத் தட்டியது. மூக்கால் புஸ்ஸென்று சீறி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே பாய்ச்சல். அதன் பின்னால் வந்த கூட்டமும் போயிற்று. பொழுது சாய்ந்தால் குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. என் வாடையை அதுவே ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. காலையில் வெயில் ஏற ஏற இது தலைகீழ்.

அதனால் பையில் ஒரு மில்க்வீட் காய் போட்டு வை. நம் எருக்குக்குப் பங்காளி அது, அதே வெள்ளைப் பஞ்சு. ஓர் இழையை ஊதி விடு. காற்றின் திசை பார்க்கக் கடையில் விற்கும் பவுடர் பத்தடியில் மறைந்துவிடும். பஞ்சோ மிதந்து போய் எந்தப் புதரருகே திரும்புகிறது, எங்கே இறங்குகிறது என்று கடைசி வரை காட்டும்.

உன் வரைபடத்தில் வடக்கே சதுப்பு, மேற்கே வெட்டிவிட்டுத் தழைத்த ஆஸ்பென் இளங்காடு. இரண்டுக்கும் நடுவே மேட்டு நிலம் கழுத்து மாதிரி ஒடுங்குகிறதே, அங்கே போய்ப் பார். சதுப்புக்குள் இருக்கும் திட்டுகளில் மான் படுக்கும், இளங்காட்டில் மேயும்; போகவர நம்மைப் போலவே சுலபமான வழியைத்தான் தேடும். இளமரங்களில் கொம்பு தேய்த்த தழும்பு இருக்கிறதா, தாழ்ந்த கிளைக்குக் கீழே மண் பறித்த இடம் இருக்கிறதா என்று கவனி. பட்டை உரிந்த பக்கம் பெரும்பாலும் அது வந்த திசையைக் காட்டும்.

சாலை உனக்குத் தென்கிழக்கில். வடமேற்குக் காற்று அடிக்கும் நாளில் சாலையிலிருந்து நேரே வந்து, கழுத்தின் இந்தப் பக்கமே ஏறிவிடு. வாடை சாலைக்குப் போய்விடும், மானுக்கு நீ வந்ததே தெரியாது. தெற்குக் காற்றா? அந்தப் பரணை மறந்துவிட்டு இன்னொன்றுக்குப் போ. 9 நாள் சீசனில் ஒரே மரத்தை நம்பி உட்காருவது எனக்குப் பிடிக்காது.

மரம் உன்னைவிடப் பருமனாக, முதுகுக்குப் பின்னால் பைன் இலை மறைப்போடு இருந்தால் நல்லது. 18 அடி போதும். காலை வெயில் கண்ணில் குத்தாமல் பார்த்துக்கொள். ஆணி, திருகு எதையும் மரத்தில் இறக்காதே.

விழாமல் காக்கும் பாதுகாப்பு பெல்ட்டைத் தரையிலேயே மாட்டிவிட்டு ஏறு. துப்பாக்கியில் தோட்டா இல்லாமல், கயிற்றில் கட்டி அப்புறம் இழுத்துக்கொள். தாத்தா சோளக்காட்டுப் பரணில் பன்றி விரட்டக் காவல் இருந்தபோது பெல்ட்டா மாட்டினார் என்று கேட்பாய். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் விழுந்தார். அவருடைய வலது கை கடைசி வரை முழுதாக நீண்டதில்லை, நீ சின்ன வயதில் கவனித்திருக்க மாட்டாய்.

மற்ற வேட்டைக்காரர்கள் கண்ணில் படுவதற்கான ஆரஞ்சு சட்டை வேண்டாமென்றால் பளீர் பிங்க் போட்டுக்கொள், 2016 முதல் விஸ்கான்சினில் அதற்கும் அனுமதி உண்டு. மானுக்கு இரண்டும் பளிச்சென்று தெரியாது.

ஏறும் முன் எந்த மரம், எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று எனக்கு மெசேஜ் போடு. உள்ளே போனால் சிக்னல் இருக்காது, வண்டியை நிறுத்தியதுமே அனுப்பிவிடு. அம்மா கேட்டால் பரண் பத்தடி உயரம் என்று சொல். நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா