கடைசிக் குழாயில் சோதியுங்கள், முடிவை ஊரறிய எழுதிவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலத்தில் குடிநீரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிறார்கள் என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடுகிறோம். வந்த தண்ணீரை யார், எங்கே, எப்போது சோதித்தார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் சுத்திகரிக்கப்பட்டு, குளோரின் கலக்கப்பட்டு, மேல்நிலைத் தொட்டிகளில் ஏற்றப்பட்டு, தெருக்குழாய் வழியே வீடுகளை அடைகிறது. இந்தப் பயணத்தில் தண்ணீர் கெட்டுப்போக அதிக வாய்ப்புள்ள இடம் தொட்டிக்கும் வீட்டுக் குழாய்க்கும் இடைப்பட்ட தூரமே. ஆகவே தெருவின் கடைக்கோடி வீட்டுக் குழாயில் சோதனை நடக்க வேண்டும் என்றும், அதன் முடிவு அந்தத் தெருவாசிகள் பார்க்கும்படி எழுதிவைக்கப்பட வேண்டும் என்றும் இக்கடிதத்தின் வழியே வேண்டுகிறேன்.

இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழாயில் எந்நேரமும் அழுத்தத்தோடு தண்ணீர் நிறைந்திருந்தால், விரிசல் இருந்தாலும் தண்ணீர் வெளியே கசியுமே தவிர வெளியிலுள்ள அழுக்கு எளிதில் உள்ளே வராது. நாள்கணக்கில் இடைவெளி விட்டு வழங்கும்போது நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வால்வை அடைத்த பிறகு குழாய் காலியாகி, உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசலைச் சுற்றித் தேங்கியிருக்கும் நீரை அது உறிஞ்சிக்கொள்கிறது. சுற்றிலும் ஈரமண் மட்டும் இருந்தால் பாதிப்பு குறைவு. ஆனால் பழைய தெருக்களில் வீட்டு இணைப்புக் குழாய்கள் சாக்கடையின் குறுக்கேயும், சில இடங்களில் சாக்கடைக்குள்ளேயும்தான் போகின்றன. சாக்கடை தூர் வாரப்படும்போது, கழிவில் மூழ்கி, துருவேறி, இணைப்பில் சணலும் ரப்பரும் சுற்றப்பட்ட குழாயை எவரும் பார்க்கலாம். இதோடு, தண்ணீர் விட்டதும் குழாயிலேயே நேரடியாக மோட்டாரைப் பொருத்தி இழுக்கும் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. அண்டை வீட்டுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் செய்வதோடு, சாக்கடை நீரை எல்லோருடைய குழாய்க்குள்ளும் இழுத்துவிடும் செயல் அது.

இதையெல்லாம் நம் வீட்டுப் பெண்கள் அனுபவத்தில் அறிந்தே வைத்திருக்கிறார்கள். தண்ணீர் வரத் தொடங்கியதும் முதல் குடத்தைக் குடிக்கப் பிடிப்பதில்லை. கலங்கல் போகும்வரை வாசல் தெளிக்கவும் பாத்திரம் கழுவவும் ஒதுக்கிவிட்டு, பிறகுதான் குழாய் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டிக் குடிநீர் பிடிக்கிறார்கள். மண்ணையும் துருவையும் துணி தடுக்கும். கண்ணுக்குத் தெரியாத கிருமியை அதனால் தடுக்க முடியாது.

கிருமியைத் தடுப்பது குளோரின். குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 10500-இன்படி, கிருமிகளைக் கொன்ற பிறகும் நீரில் எஞ்சிய குளோரின் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 100 மில்லிலிட்டர் மாதிரியில், மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ-கோலை கிருமி ஒன்றுகூடக் காணப்படக் கூடாது. தொட்டியில் போதிய அளவு கலந்திருந்தாலும், வழியில் கழிவு சேர்ந்தால் குளோரின் அதோடு வினைபுரிந்து செலவாகிவிடும் என்பதால், கடைசி வீட்டுக் குழாயில் அது எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதே குழாயின் நிலையை அறிய எளிய வழி. சிறு கண்ணாடிக் குழலில் கோடு வரை தண்ணீர் பிடித்து, சோதனை மருந்தைச் சில சொட்டு விட்டு, தோன்றும் மஞ்சள் நிறத்தைப் பெட்டியிலுள்ள நிற அட்டையோடு ஒப்பிட்டால் போதும். சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். நிறமே தோன்றாவிட்டால் அந்தத் தெருவுக்கு உடனே ஆள் அனுப்பிக் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும். தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்களும் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்: கடைக்கோடியில் அந்த வாடை இலேசாக இருப்பது நல்ல அறிகுறியே.

குழாய்த் தண்ணீரை நம்ப முடியாதபோது வசதியுள்ளவர்கள் ஆர்.ஓ. இயந்திரம் வைக்கிறார்கள், அல்லது 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழிவாக வெளியேற்றும் நீரோ, நாள்கணக்கில் காத்திருந்து பிடித்த காவிரித் தண்ணீர். தறி ஓட்டியும் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தும் பிழைக்கும் குடும்பங்களுக்குக் கேன் தண்ணீர் மாதந்தோறும் சுமையாகிறது. அது முடியாதவர்கள் வருவதை அப்படியே குடிக்கிறார்கள். போர்வெல் தண்ணீரைக் குடிக்கலாமே என்றால், அது பல இடங்களில் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு குறையாது. தூய நீரைப் பெறுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே கூறிவிட்ட பிறகு, அந்த உரிமை கையிருப்பைப் பொறுத்து மாறுவது முறையல்ல.

சோதனைகள் ஏற்கெனவே நடக்கின்றன என்று நிர்வாகம் சொல்லலாம். நடக்கட்டும், நல்லது. ஆனால் முடிவு கோப்புக்குள் இருந்தால், தண்ணீரைக் குடிப்பவருக்கு அதனால் என்ன பயன்? தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதிக் காத்திருந்துதான் தன் வீட்டுத் தண்ணீரின் தரத்தை ஒருவர் அறிய வேண்டுமா? தண்ணீர் விடும் நாளன்று ஒவ்வொரு வார்டிலும் வெவ்வேறு தெருக்களின் கடைசிக் குழாயில் மாதிரி எடுத்து, தேதி, தெருப் பெயர், குளோரின் அளவு ஆகியவற்றை மேல்நிலைத் தொட்டியின் சுவரிலும் ரேஷன் கடை வாசலிலும் கரும்பலகையில் எழுதலாம். தொட்டி கழுவிய தேதியும் அதிலேயே இருக்கட்டும். கிருமிச் சோதனை முடிவு ஆய்வகத்திலிருந்து வர ஓரிரு நாள் ஆகும். வந்ததும் அதையும் சேர்த்து எழுதலாம். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் இந்தக் கணக்கை வாசிப்பதை வழக்கமாக்கினால், எந்தத் தெருக் குழாயை முதலில் மாற்ற வேண்டும் என்பதற்குத் தனியாக வாதாட வேண்டியிராது.

பொதுமக்களாகிய நாமும் மோட்டாரைக் குழாயிலிருந்து கழற்றி, தரைத்தொட்டியில் விழும் நீரை மட்டுமே ஏற்றிக்கொள்ள வேண்டும். சேமித்த தண்ணீரில் நாளாக ஆகக் குளோரின் குறையும், மூடியில்லாவிட்டால் டெங்கு கொசுவும் முட்டையிடும் என்பதால் தொட்டியையும் குடத்தையும் மூடி வைப்பது அவசியம்.

மழைக்காலத்தில் திருமணிமுத்தாற்றில் நீர்வரத்து பெருகி, அதன் கரையோரத் தாழ்வான தெருக்களில் சாக்கடை நிரம்பி வழியும்போதே குழாய்களுக்குள் கழிவு புகும் அபாயம் மிக அதிகம். எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக அந்தத் தெருக்களிலிருந்தே இந்தச் சோதனையைத் தொடங்கவும், சாக்கடைக்குள் செல்லும் இணைப்புகளைக் கணக்கெடுத்து மாற்றவும் உரிய அதிகாரிகள் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அம்மாப்பேட்டை வாசகர்,
சேலம்.