நீலப் பெட்டியைத் திறக்காதே

அன்புள்ள சேகர்,

மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரு வேலை செய். கோடையில் என் வீட்டிலிருந்து எடுத்துப்போன நீலப் பெட்டியைத் தரையில் இழுக்காமல் தூக்கு. பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, பால்கனியில் வைத்துவிட்டு வா. திறந்து பார்க்காதே.

வைத்தாயா? சரி, உட்கார்.

மூட்டைப்பூச்சி. ஆமாம், என் வீட்டில்தான். மூன்று மாதமாக எழுதாமல் இருந்ததற்கும், போன மாதம் நீ வருகிறேன் என்றபோது வெள்ளையடிக்கிறார்கள் என்று தட்டிக்கழித்ததற்கும் அதுதான் காரணம். ஒரு சுவரில்கூடத் தூரிகை படவில்லை. நீ கோபித்துக்கொண்டாய் என்று வாத்தியார் சொன்னார். அப்போதும் வாய் வரவில்லை. வீட்டில் எலி என்றால் நாலு பேர் சிரிப்பார்கள், ஒருவர் பொறி இரவல் தருவார். மூட்டைப்பூச்சி என்று சொல்லிப் பார், எதிரில் இருப்பவர் நாற்காலியை மெல்லப் பின்னால் நகர்த்துவார்.

வந்த வழி உனக்கே தெரியும். லிஃப்ட் பக்கத்தில் யாரோ வீடு காலி செய்தபோது விட்டுப்போன சாய்வு நாற்காலி. ஓசி என்றால் எனக்குக் கண் தெரியாது என்று விடுதிக் காலத்திலிருந்தே சொல்வாயே, அது நிரூபணமாகிவிட்டது. ஆனால் அதன் இன்னொரு பக்கத்தைப் பிடித்து ஏற்றியவன் நீ. பாவத்தில் பாதி உன் கணக்கு.

முதலில் என் கையில் வரிசையாக மூன்று தடிப்பு. மனைவிக்கு ஒன்றுமில்லை. ஒரே மெத்தையில் படுக்கிறோம், உங்களை மட்டும் தேடி வந்து கடிக்குமா, அது வியர்க்குரு என்று சொல்லிவிட்டாள். கடிபட்ட எல்லோருக்கும் தடிக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. சிலருக்கு அடையாளமே இருக்காதாம். ஒரு நாள் இரவு மூன்று மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு மெத்தையின் ஓரத் தையலைப் பிரித்துப் பார்த்தேன். பேனாவை உதறியதுபோல் கறுப்புப் புள்ளிகள். பழைய அட்டை ஒன்றால் மடிப்பை நெம்பினால் உள்ளே தட்டையாக, பழுப்பாக ஏழெட்டு. ஒன்று மட்டும் குடித்து முடித்து உருண்டையாக, நகரக்கூட மனமில்லாமல் கிடந்தது. என் ரத்தம். பக்கத்தில் நூலோடு நூலாக வெள்ளை முட்டைகள், ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். ஊதினால் பறக்கவில்லை, ஒட்டியிருந்தன.

அடுத்த நாள் நான் செய்ததுதான் மடத்தனம். கடையில் கிடைத்த புகைக்குப்பி நான்கை வாங்கி, வீட்டைப் பூட்டி, திறந்துவிட்டேன். புகை சந்துக்குள் போகாது. போன கொஞ்சமும் அவற்றைக் கிளப்பிவிட்டதோ என்னவோ, அதுவரை எங்கள் அறையோடு நின்றது அம்மா அறைக்கும் வந்தது. டிடிடி என்ற ரசாயனத்தின் பூச்சிக்கொல்லிக் குணத்தைக் கண்டுபிடித்த முல்லர் என்ற விஞ்ஞானிக்கு 1948இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த 1940களிலேயே அதற்குப் பழகிப்போன மூட்டைப்பூச்சிகள் தென்பட ஆரம்பித்துவிட்டன. இன்றைய குப்பி மருந்துகள் பலவற்றையும் அவற்றின் வாரிசுகள் தாங்கிக்கொள்கின்றன. என் நான்கு குப்பி எந்த மூலைக்கு?

சேகர், அம்மா விஷயம்தான் மனதை அறுக்கிறது. அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு நாள் தற்செயலாக முழங்கைக்கு மேலே துணி விலகியபோது பார்த்தேன், சொறிந்து சொறிந்து புண். எத்தனை நாளாக அம்மா என்றால், வயதானால் தோல் இப்படித்தான், உங்களுக்கு ஏன் இன்னொரு தொல்லை என்கிறார். நான் ஊருக்கு மறைத்தேன், அவர் எனக்கு மறைத்தார். மறுநாளே கூச்சத்தை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறியது. கதவைச் சாத்திக்கொண்டு, எங்களுக்கும் இரண்டு மாதமாக என்றார். நடுவில் ஒரே சுவர், அதில் ஒயர் போக ஓட்டை. இந்தப் பக்கம் மருந்தடித்தால் அந்தப் பக்கம், அங்கே அடித்தால் இங்கே.

இரண்டு வீடும் ஒரே நாளில் ஆள் வைத்துச் செய்தோம். இரண்டு வாரம் கழித்து மறுபடியும். முதல் தடவை தப்பிய முட்டைகள் பொரிந்து வருமே, அதற்காக. ஆனால் என்னைக் கேட்டால் மருந்தைவிடச் சூடுதான் கை கொடுத்தது. துணி முழுக்க 60 டிகிரி வெந்நீரில், பிறகு உலர்த்தும் எந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி. தையலிலும் கட்டில் சட்டத்திலும் நீராவி, அங்குலம் அங்குலமாக. மெத்தைக்கு ஜிப் வைத்த உறை, ஒரு வருடத்துக்குக் கழற்றப்போவதில்லை. கட்டில் சுவரைத் தொடாமல் நிற்கிறது, கால்களுக்குக் கீழே கிண்ணம். நாற்காலியை யாரும் எடுக்காதபடி உடைத்து, "மூட்டைப்பூச்சி" என்று எழுதி ஒட்டிப் போட்டேன்.

வெயில் காலத்தில் இவ்வளவு சீக்கிரம் பெருகியதற்கும் காரணம் இருக்கிறது. சூட்டில் முட்டை ஒரு வாரத்தில் பொரிகிறது. ஐந்து தடவை தோல் உரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை ரத்தம். ஒன்றரை மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். சாதாரணக் குளிரில் மந்தமாகும், சாகாது. சாப்பிடாமலே மாதக்கணக்கில் கிடக்கும். அதனால்தான் உன் பெட்டி மூடியே இருக்கிறது என்பதில் எனக்கு நிம்மதியில்லை.

மழை வந்தால் கொசு, ஈசல் என்று புலம்புவாயே, இப்போது அவையெல்லாம் எனக்கு விருந்தாளிகள் மாதிரி. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: தொட்டித் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே, ஓரத்தைத் தேய்த்துக் கழுவு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் காத்திருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். குளிருக்கு முன்னால் குழாய் நுழையும் ஓட்டைகளையும் அடைத்துவிடு. பென்சில் நுழைந்தால் சுண்டெலியும் நுழையும்.

எங்கள் வீட்டில் கடைசியாகக் கடிபட்டு ஐந்து வாரமாகிறது. இருந்தாலும் தலைமுடி ஒன்று கழுத்தில் பட்டால் எழுந்து விளக்கைப் போடுகிறேன். அவள் இப்போது சிரிப்பதில்லை, அவளும் எழுந்து உட்கார்கிறாள்.

இனி உன் வேலை. பகல் வெளிச்சத்தில், பால்கனியிலேயே பெட்டியைத் திறந்து, ஜிப் ஓரம், உள் துணியின் மடிப்பு, சக்கரத்தின் பள்ளம் மூன்றையும் பார். கறுப்புப் புள்ளி ஒன்று இருந்தாலும் உன் கட்டிலையும் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடு, எந்த நேரமானாலும். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைத் திருப்பித் தர வேண்டாம்.

உன்,
ஓசி