திருமுறைச் சபையின் 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாகசபை உறுப்பினர்களே, வேலைகளை ஒதுக்கிவைத்து வந்திருக்கும் சபை அன்பர்களே,

யாழ்ப்பாணத்து வரணியில் இயங்கிவரும் எமது திருமுறைச் சபையின் 2024ஆம் ஆண்டுக்கான அறிக்கையை உங்கள் முன் வைக்கின்றேன். சென்ற ஆண்டறிக்கை நீண்டுவிட்டதென்று சிலர் குறைப்பட்டமையால், வழமையான நிகழ்வுகளைச் சுருக்கி, பலரும் விளக்கம் கேட்ட ஒரு விடயத்துக்கு மட்டும் அதற்குரிய இடத்தைக் கொடுத்துள்ளேன்.

நால்வர் குருபூசைகள் சித்திரைச் சதயம், வைகாசி மூலம், ஆனி மகம், ஆடிச் சுவாதி ஆகிய நாள்களிலும், நாவலர் பெருமான் குருபூசை கார்த்திகை மகத்திலும் நடைபெற்றன. ஞாயிறு பண்ணிசை வகுப்பு தொடர்ந்தது. ரியூசன் நேரம் மாறியதிலிருந்து பிள்ளைகளின் வரவு குறைந்துள்ளது. நிருவாகசபை ஏழு முறை கூட்டப்பட்டது; நான்கு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தப் போதிய வரவு, இருந்தது. மீதி மூன்றில், நவம்பர் இறுதிக் கூட்டம் வெள்ளத்தால் நடைபெறவில்லை. அதற்கு எவரையும் குறை கூற முடியாது. மற்ற இரண்டு நாள்களும் நல்ல வெயில்.

இனி, தமிழகத்தில் நாகபட்டினத்துக்குத் தெற்கே உள்ளதும் தேவாரத்தில் திருமறைக்காடு எனப்படுவதுமான வேதாரணியத்துக்குச் சென்ற யாத்திரை. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான கப்பற் சேவை 2023 ஒக்ரோபர் 14 அன்று தொடங்கிச் சில நாள்களிலேயே நின்றுபோய், 2024 ஓகஸ்ட் 16 அன்று மீண்டும் ஆரம்பமானது. அச்செய்தி வந்த கையோடு, செப்டெம்பரில் நான்கு நாள் யாத்திரை ஒன்றை ஒழுங்கு செய்வோம் என்று தலைவரிடம் எடுத்துரைத்தவன் நானே என்பதை ஒளிக்கவில்லை. பெயர் தந்தவர்கள் முப்பத்தொருவர். அந்த எண்ணிக்கையை நம்பி நாகபட்டினத்தில் பெரிய பஸ் ஒன்றைப் பேசி முற்பணமும் அனுப்பினோம். குறித்த நாளில் காங்கேசன்துறையில் வந்து நின்றவர்கள் பத்தொன்பது பேர். ஒருவருக்குப் பேத்தியின் சாமத்தியச் சடங்கு, இன்னொருவருக்கு மூட்டுவலி, வேறொருவரைக் கனடாவிலிருக்கும் மகன் கடலை நினைத்துப் பயந்து தடுத்துவிட்டார். இவை எல்லாம் நியாயமான காரணங்களே. ஆயினும் பன்னிரண்டு வெறும் ஆசனங்களுக்கும் பஸ்காரர் வாடகை வாங்கினார் என்பதும், யாத்திரைக் கணக்கின் பற்றாக்குறை அங்கிருந்தே தொடங்குகிறது என்பதும் சபைக்குத் தெரிய வேண்டியவை.

இதனிலும் கனமான கேள்வி ஒன்று உண்டு. இந்தியாவுக்குப் போவதானால் சிதம்பரம் இருக்கிறது, மதுரை இருக்கிறது. ஒரு பஸ் நிலையமும் நான்கு கடைத்தெருவும் உப்பளமும் உள்ள சிற்றூருக்குச் சபை ஏன் போனது என்று கேட்கிறார்கள். என் முன்னிலையில் கேட்காமல் சந்தையடியில் கேட்டவர்களுக்கும் சேர்த்து இங்கேயே மறுமொழி சொல்கிறேன்.

முதலாவது, அந்தச் சிற்றூரின் கோயிலுக்கும் எமது ஊருக்கும் உள்ள தொடர்பு. வேதாரணியேசுவரர் கோயிலின் பரம்பரை ஆதீனம் யாழ்ப்பாணத்து வரணி ஆதீனம் என்ற பெயரைத் தாங்கியது. வரணியிற் பிறந்த பிள்ளைகளுக்கு இது தெரியாது. பெரியவர்களிலும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நான் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை. இரண்டாவது, எமது வீடுகளில் காய்ச்சலுக்கும் கண்டத்துக்கும் முதலில் ஓதப்படும் கோளறு பதிகம் பிறந்த இடம் அதுவே. மதுரைக்குப் புறப்பட்ட சம்பந்தப் பிள்ளையாரை, நாளும் கோளும் நன்றாயில்லை என்று அப்பர் பெருமான் தடுத்தபோது பாடப்பட்டது அப்பதிகம். திருமுறைச் சபை என்று பெயர்ப்பலகை வைத்துக்கொண்டு திருமறைக்காட்டைக் காணாதிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாகபட்டினத்திலிருந்து தெற்கே கடலோர வீதியாற் போய், 2018 நவம்பர் கஜா புயல் தென்னந்தோப்புகளை முறித்துப் போட்ட பகுதிகளைக் கடந்து பிற்பகலில் ஊரை அடைந்தோம். அங்கே ஊர் வேறு, கோயில் வேறு அல்ல. வீதிகளே கடைத்தெருவாகவும் இருப்பதால், பூக்கடைக்காரர் முல்லைச் சரத்தை அளந்துகொண்டே கோயில் மணியோசைக்குக் கன்னத்திற் போட்டுக்கொள்கிறார். உப்பும் மீனும் புகையிலையும் பேசப்படும் சந்தையில் நின்றபோது, சாவகச்சேரியில் நிற்பதாக எமது குழுவினர் இருவர் சொன்னார்கள். விலை கேட்டபின் அப்படிச் சொல்லவில்லை. மேற்கே இருக்கும் பிள்ளையாரின் பெயர் வீரகத்தி விநாயகர். எமது ஆண்பிள்ளைகளுக்குப் பாட்டன்மார் இட்ட அதே பெயரை அங்கே கண்டு, குழுவில் வந்த ஒரு அம்மா தமது தகப்பனாரை நினைத்துக் கண்கலங்கினார்.

சுந்தரர் பதிகத்தின் தொடக்கத்தை ஒட்டி அம்பாளுக்கு யாழைப் பழித்த மொழியாள் என்று பெயர். யாழின் பெயரால் வாழும் ஊரிலிருந்து யாழைப் பழித்தவளிடம் வந்திருக்கிறோமே என்று ஒரு அன்பர் பகிடி விட்டார். அங்குள்ள சரசுவதி கையில் வீணை இல்லாமல் சுவடியோடு இருப்பதை அவருக்குக் காட்டினேன். அம்பாளின் குரலைக் கேட்டபின் வீணை எதற்கு என்று கலைமகளே வைத்துவிட்டாள் என்பது தலவரலாறு. மூலவருக்குப் பின்னே மணக்கோலத்தில் அம்மையும் அப்பனும் இருக்கிறார்கள். சற்றுத் தெற்கே அகத்தியம்பள்ளி. அகத்தியர் அந்த மணக்கோலத்தைக் கண்ட தலம் என்பர். 1930 ஏப்ரலில் திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்த இராசாசி உப்பெடுத்துக் கைதான இடமும் அதுவே. நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு உப்பளத்தின் வெள்ளைக் குவியல்களைக் கடந்தபோது எமது ஆனையிறவு உப்பளத்தை நினையாதவர் எவருமிலர்.

ஆயினும் நாங்கள் அதிக நேரம் நின்றது கதவுக்கு முன்னால். வேதங்கள் பூசித்து அடைத்துச் சென்ற கதவைத் திறக்குமாறு அப்பர் பாட, அது இலேசில் திறக்கவில்லை. கடைசிப் பாட்டில் "இரக்கம் ஒன்றிலீர்" என்று இறைவனையே கேட்டபின்தான் திறந்தது. அதை மீண்டும் அடைக்கச் சம்பந்தருக்கு ஒரு பாட்டுப் போதுமாயிற்று. பத்தொன்பது பேரும் அவ்விடத்தில் அமர்ந்து இரண்டு பதிகங்களையும் முறையாக ஓதினோம். கடைக்கு வந்த உள்ளூர்க்காரர் சிலர் பைகளைக் கீழே வைத்துவிட்டு எம்மோடு இருந்து கேட்டார்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இச்சபையில் இருக்கின்றேன். எமது பண்ணிசை இவ்வளவு ஒத்து வந்ததை நான் கேட்டதில்லை.

திறப்பதற்கு எத்தனை பாட்டு வேண்டும் என்பது சந்தா விடயத்தில் எனக்கு நன்கு விளங்கும். மாதச் சந்தா 50 ரூபா. இன்றைய நிலையில் அது ஒரு பிளேன்ரீயின் விலை. சபைப் பதிவேட்டிலுள்ள உறுப்பினர்களில் அரைவாசிக்கு மேற்பட்டோர் ஆண்டு முழுவதும் செலுத்தவில்லை. சிலருடைய நிலுவை மூன்று ஆண்டுகளைத் தொடுகிறது. மூன்று கடிதங்கள் எழுதினேன். பின்னர் வைபர் குழுவில் நினைவூட்டினேன். அதன்பின் இருவர் குழுவிலிருந்து விலகினார்கள். திருமறைக்காட்டில் அணையப்போன விளக்கின் திரியை அறியாமல் மூக்கால் தூண்டிய எலிக்கு இறைவன் உலகெல்லாம் குறைவறக் கொடுத்ததை அப்பரே பாடியிருக்கிறார்; அந்த எலியே மறுபிறப்பில் மாவலிச் சக்கரவர்த்தி ஆனது என்பது தலவரலாறு. அறிந்தே தூண்டுவோருக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சோதித்துப் பார்க்க எமது உறுப்பினர்களுக்கு இன்னும் மனம் வரவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், பொதுக்கணக்கு சற்றே மிச்சத்திலும் யாத்திரைக் கணக்கு சற்றே பற்றாக்குறையிலும் உள்ளன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை கவலைக்குரியதன்று. சபைப் பணத்தில் செயலாளர் இந்தியா பார்த்து வந்தார் என்று ஒரு பேச்சு உலவுவதால், எனது கப்பற் கட்டணத்தையும் தங்குமிடச் செலவையும் நானே செலுத்தினேன் என்பதையும், அதற்கான பற்றுச்சீட்டுகள் சபைக் கோவையில் உள்ளன என்பதையும் பதிவு செய்கின்றேன். அங்கிருந்து நான் கொண்டுவந்தவை திருநீறும் ஒரு பொதி கல்லுப்பும் மட்டுமே. ஒரு சேலைகூட வாங்கவில்லை என்பது எமது வீட்டில் இன்றும் விசாரணையிலுள்ள முறைப்பாடு.

வழிகாட்டிய தலைவருக்கும், பொறுமையோடு கணக்கெழுதிய பொருளாளருக்கும், கணக்காய்வாளருக்கும், மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்கும், குருபூசைகளுக்கு அன்னம் வழங்கிய குடும்பங்களுக்கும், வெளிநாட்டிலிருந்து உதவிய உறவுகளுக்கும் சபையின் நன்றி உரியது. வெள்ளத்தன்று இரவு இடுப்பளவு தண்ணீரில் வந்து மண்டபத்துப் பாய்களையும் திருமுறை நூல்களையும் மேசைமேல் ஏற்றிவைத்த இரண்டு பொடியன்கள் சபை உறுப்பினர்களல்லர். அவர்களுக்குச் சந்தா இல்லாமலே உறுப்புரிமை வழங்கலாமென்று பிரேரிக்கின்றேன்.

வரும் ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதானால், மண்டபத்து மின்கட்டணம் கூடிவிட்டது. பண்ணிசை ஆசிரியருக்குக் கொடுக்கும் சிறு வேதனத்தையும் நாம் கூட்டிக் கொடுத்தே ஆக வேண்டும். திருவாரூர் தேரழகு, வேதாரணியம் விளக்கழகு என்பார்கள். அவ்விளக்கின் ஒளியில் நின்றபோது, எமது மண்டபத்து நால்வர் படங்களுக்கு முன் நாளாந்தம் ஒரு விளக்காவது எரிய ஏதேனும் செய்யவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு குடும்பம் ஒரு மாத எண்ணெயை ஏற்றுக்கொண்டால் பன்னிரண்டு குடும்பங்களில் ஆண்டு நிறைந்துவிடும். ஏழு குடும்பங்கள் சம்மதித்துள்ளன. மாசி, வைகாசி, ஆடி, ஐப்பசி, மார்கழி ஆகிய மாதங்கள் இன்னும் ஒருவருக்கும் உரியனவாகவில்லை. செயலாளர் பதவிக்கு வேறொருவர் முன்வந்தால் திறப்பையும் கோவைகளையும் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். சென்ற மூன்று பொதுக்கூட்டங்களிலும் இவ்வாறே கூறியிருந்தேன். திருவாரூருக்கு ஒரு யாத்திரை போகலாமென்று சிலர் கேட்டுள்ளனர். இம்முறை பெயரோடு முற்பணமும் சேர்ந்து வந்தாலன்றிப் பஸ் பேசுவதில்லையென நிருவாகசபை தீர்மானித்துள்ளது. பற்றுச்சீட்டுப் புத்தகமும் மாதங்கள் குறித்த தாளும் வாசல் மேசையில் உள்ளன. கூட்டம் முடிந்து கடைசி அன்பர் போகும்வரை நான் அங்கே இருப்பேன்.

செயலாளர்